மடகாஸ்கர்: மண்ணும் மக்களும்



ஆண்டுத் தேர்வு முடிந்து, கோடை விடுமுறைக்காகப் பள்ளிகள் மூடப்படும் சமயத்தில், பள்ளி முற்றத்திலே செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் ஒரு மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மயிற்கொன்றை என்று அதனைச் சொல்வார்கள். வீட்டுக் கொல்லையிலே யாரும் நீர் ஊற்றாமலே ஆண்டு முழுவதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியையும் நீங்கள் அறிவீர்கள். பூங்காக்களில் ஒரு பெரிய விசிறியை விரித்து நட்டு வைத்தாற்போல நிற்கும் விசிறிவாழையும் உங்களுக்குப் புதியதன்று. இவை மூன்றும் நம் மண்ணுக்கே உரியவை என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் மூன்றுக்கும் தாயகம் ஒன்றே. அது இந்துமாக்கடலின் மேற்கு ஓரத்தில், ஆப்பிரிக்காக் கண்டத்தை அடுத்துக் கிடக்கும் மடகாஸ்கர் என்னும் தீவு.

உலகப் படத்தை விரித்து அத்தீவைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரமாக, யாரோ கால் வைத்துச் சென்ற சுவடு போலக் கிடக்கும். கிரீன்லாந்து, நியூகினி, போர்னியோ ஆகிய மூன்று தீவுகளே அதனினும் பெரியவை. பரப்பு ஏறத்தாழ 5,87,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல். வடக்கே இருந்து தெற்கே போக வேண்டுமானால் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் இடையே உள்ள மொசாம்பிக் கால்வாய், குறுகிய இடத்தில் 400 கிலோமீட்டர் அகலமே உடையது. இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் எவரும், இது ஆப்பிரிக்காவிலிருந்து உடைந்து விழுந்த துண்டு, இங்குள்ள விலங்குகள் ஆப்பிரிக்க விலங்குகள், இங்குள்ள மக்கள் ஆப்பிரிக்க மக்கள் என்றே முடிவு கட்டுவார்கள். அந்த முடிவு மூன்று இடங்களிலும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எப்படி என்பதைச் சொல்லவே இப்பேச்சு.

முதலில் மண்ணைப் பார்ப்போம். தீவின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு பீடபூமி முதுகெலும்பு போல ஓடுகிறது. தலைநகராகிய அந்தனனரிவோ அதன்மேல், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே உள்ள மாரொமொகொட்ரோ என்னும் சிகரம் 2,876 மீட்டர் உயரம். பீடபூமியின் கிழக்குப் பக்கம் செங்குத்தாக இறங்கிக் கடலை அடைகிறது. தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் வியாபாரக் காற்று, கொண்டுவந்த நீரையெல்லாம் அச்சரிவிலே கொட்டிவிடுகிறது; ஆதலால் அங்கே மழைக்காடு. மலையைத் தாண்டி மேற்கே வரும் காற்றில் ஈரம் குறைவு. அங்கே இலையுதிர் காடுகள். தெற்கே போகப்போக மழை அற்றுப்போய், முள்ளே மரமாகி நிற்கும் விந்தையான காடு ஒன்று தோன்றுகிறது. நடுப் பீடபூமியின் மண் செம்மண். காடு அழிந்த இடங்களில் மழை அம்மண்ணை அரித்துச் செல்ல, ஆறுகள் குருதி போலச் சிவந்து கடலில் கலக்கின்றன. செந்தீவு என்று அதற்கு ஒரு பெயர் வழங்குவது இதனால்தான்.

நம் ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருத்த அடியுடன் பெருக்கமரம் நிற்கக் காணலாம். ஆனைப்புளி என்றும் சொல்வர். அவ்வினத்தில் உலகிலுள்ள எட்டு வகைகளில் ஆறு வகைகள் மடகாஸ்கரைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

இனி விலங்குகள். ஆப்பிரிக்காவிலிருந்து இத்தனை அருகில் இருந்தும் மடகாஸ்கரில் சிங்கம் இல்லை, யானை இல்லை, வரிக்குதிரை இல்லை, குரங்குகூட இல்லை. குரங்கின் இடத்தை வேறொரு குலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நரி முகமும், உருண்ட பெருங்கண்களும், பஞ்சு போன்ற உடலும் கொண்ட அப்பிராணிகளுக்கு லெமூர் என்று பெயர். இரவில் உலவும் ஆவிகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தவர் சுவீடன் நாட்டு இயற்கை நூலறிஞர் லின்னேயஸ். லெமூர்களில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் மிகச் சிறியது 30 கிராம் எடையே உள்ளது. ஒரு கோழிமுட்டையின் கனம்கூட இல்லை. பெரியதாகிய இந்திரி ஒன்பது கிலோ வரை இருக்கும்.

இவற்றுள் அய்-அய் என்னும் ஒன்றை மட்டும் தனியே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மடகாஸ்கரில் மரங்கொத்திப் பறவை கிடையாது. ஆகவே பட்டைக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களைத் தின்னும் வேலையை இந்த லெமூர் ஏற்றுக்கொண்டது. அதன் கையில் நடுவிரல் மட்டும் கம்பி போல மெலிந்து நீண்டிருக்கும். அவ்விரலால் மரத்தைத் தட்டித் தட்டி, காதைக் கூர்மையாக்கிக் கேட்கும். உள்ளே பொந்து இருப்பது தெரிந்ததும் பல்லால் துளையிட்டு, அதே விரலை விட்டுப் புழுவை இழுத்துவிடும். பாவம், இந்தச் சாமர்த்தியத்துக்கு அதற்குக் கிடைத்த பரிசு கெட்ட பெயரே. நம்மவர் ஆந்தையைக் கண்டு அஞ்சுவதுபோல, அங்குள்ள பல ஊர்களில் அய்-அய் கண்ணில் பட்டால் சாவு வரும் என்று அதை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

லெமூர் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். ஆம், லெமூரியாதான். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒரு பெரிய நிலப்பரப்பை வரைந்து, அது மடகாஸ்கர் வரை நீண்டிருந்தது என்றும், தமிழன் அங்கே தோன்றினான் என்றும் கூறினார். நெடுங்காலம் நான் அதை நம்பியிருந்தேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று தேடிச் சென்றபோதுதான், அது தமிழகத்தில் பிறந்த சொல்லன்று, மடகாஸ்கரின் விலங்குகளால் பிறந்த சொல் என்பது தெரிந்தது.

பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் 1864ஆம் ஆண்டில் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர்கள் மடகாஸ்கரில் மலிந்திருக்கின்றன. அவற்றின் உறவினமோ கடலுக்கு அப்பால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. அந்த உறவினம் எது தெரியுமா? நம்முடைய தேவாங்குதான். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு சரணாலயம் அமைத்ததே, அந்தத் தேவாங்கு. நீந்தத் தெரியாத இப்பிராணிகள் கடலின் இரு கரைகளிலும் இருப்பது எப்படி? இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஸ்கிளேட்டர் கருதினார்; லெமூரின் பெயரால் அதற்கு லெமூரியா என்று பெயரும் இட்டார். அவருடைய கேள்வி விலங்குகளைப் பற்றியது, மனிதரைப் பற்றியதன்று. பின்னர் ஜெர்மானிய அறிஞர் ஹேக்கல், மனித இனமே அங்குத் தோன்றியிருக்கலாம் என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழறிஞர் சிலர் அதனை, நம் இலக்கியங்கள் பேசும் கடல்கொண்ட நிலத்தோடு பொருத்திக் கண்டனர்.

ஸ்கிளேட்டரின் கேள்வி மிக நல்ல கேள்வி. ஆனால் விடை தவறாகிவிட்டது. கண்டங்கள் அசையாமல் நிற்பவை என்று எல்லாரும் நம்பிய காலம் அது. கண்டங்கள் இடம் பெயர்கின்றன என்று 1912இல் வெகனர் சொன்னபோது நகைத்தவர்களே மிகுதி. 1960களில் கடலடித் தரையை ஆராய்ந்தபின் உலகம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று நாம் அறிவது இது: தென்பகுதிக் கண்டங்களெல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இணைந்திருந்தன. கோண்டுவானா என்று அதற்குப் பெயர். நம் நாட்டின் நடுவே கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரே அது. ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் சேர்ந்தபடியே ஆப்பிரிக்காவை விட்டு விலகின. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா மடகாஸ்கரையும் விட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்தது. ஆகவே மடகாஸ்கர் கடைசியாகக் கைவிட்ட துணை ஆப்பிரிக்கா அன்று, இந்தியாவே. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. அப்போது மனிதன் இல்லை. தேவாங்கும் லெமூரும்கூட இல்லை.

கடல்கொண்ட நிலம் பற்றிய நம் இலக்கியக் குறிப்புகள் வெறும் பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு கேள்வி. கடைசிப் பனியூழி முடிந்தபோது உலகெங்கும் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. தாழ்ந்த கரைகள் பலவும் நீரில் மறைந்தன. நம் கரைகளும் அவற்றுள் அடங்கும். அதனை ஆராய்வோர் ஆராயட்டும். ஆனால் கரையோர நிலம் கடலுள் போவது வேறு; கடல் நடுவே ஒரு கண்டம் மூழ்குவது வேறு.

அப்படியானால் லெமூர்கள் எப்படி வந்தன? ஐந்து அல்லது ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்க ஆறுகளில் வெள்ளம் பெருகிக் கரைமரங்களை வேரோடும் கொடியோடும் கடலுக்குள் அடித்துச் சென்றிருக்க வேண்டும். அந்த மிதவைகளில் தொற்றிக்கொண்டு வந்த சில சிறு பிராணிகளே இன்றைய லெமூர்களின் முன்னோர் என்பர். இப்போது கடல் நீரோட்டம் அதற்கு எதிராகவன்றோ ஓடுகிறது என்று நெடுங்காலம் தடை கூறி வந்தார்கள். அக்காலத்தில் நீரோட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து தீவை நோக்கி ஓடியிருக்கும் என்பதை 2010ஆம் ஆண்டில் வெளியான கணிப்பு ஒன்று காட்டியது. சிங்கமும் யானையும் மரக்கிளையில் ஏறிக் கடல் கடக்க முடியாதல்லவா?

மூன்றாவது, மக்கள். இதுவே மூன்றிலும் பெரிய வியப்பு. அருகிலுள்ள ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மட்டும் வந்தவர்கள் அல்லர் இவர்கள். மலாய் மொழியில் நிலவுக்கு புலான் என்று பெயர். மடகாஸ்கர் மக்களின் மலகாசி மொழியில் வுலான. கல்லுக்கு மலாயில் பாத்து; மலகாசியில் வாத்து. வானத்துக்கு மலாயில் லாஙிட், மலகாசியில் லானித்ர. இந்த ஒற்றுமையை ஐரோப்பியர் முன்னரே கண்டிருந்தனர். 1951ஆம் ஆண்டில் ஓட்டோ டால் என்ற நார்வே அறிஞர், போர்னியோத் தீவின் தென்கிழக்கே பாரித்தோ ஆற்றுப் பக்கத்தில் வாழும் மாஅன்யான் மக்களின் மொழியே மலகாசிக்கு மிக நெருங்கிய உறவு என்று நிறுவினார். அங்கிருந்து மடகாஸ்கர் 7,000 கிலோமீட்டருக்கு மேல். கி.பி. முதல் ஆயிரமாண்டிலேயே, பக்கவாட்டில் மிதவைக்கட்டை பிணைத்த ஓடங்களைச் செலுத்தும் கலையில் வல்ல அக்குலத்தார் இந்துமாக்கடலின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்து குடியேறினர். வரும் வழியிலே இந்தியக் கரையைத் தொட்டு வந்தனரா, நேரே வந்தனரா என்பது இன்னும் முடிவாகவில்லை. அவர்கள் மொழியில் வடசொற்கள் சில கலந்திருக்கின்றன. அவை மலாய் உலகிலிருந்தே உடன் வந்தவை.

இன்றைய மலகாசி மக்களின் குருதியில் ஆசியப் பங்கும் ஆப்பிரிக்கப் பங்கும் ஏறக்குறையச் சரிபாதி கலந்திருக்கின்றன. ஆசியப் பங்கினை ஆராய்ந்த அறிஞர் சிலர், 1,200 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய 30 பெண்களே அதற்கு மூலத் தாயராக இருந்திருக்க வேண்டும் என்று 2012இல் கணித்துச் சொன்னார்கள். முப்பது பெண்கள்! ஓர் ஊர்க்கிணற்றடியில் ஒரே வேளையில் கூடக்கூடிய கூட்டம். அவர்களோடு வந்தது நெல். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளுக்குரிய மண்ணடுக்குகளில், கருகிய நெல்மணிகளும் பாசிப்பயறும் மடகாஸ்கரிலும் அருகிலுள்ள கொமோரோத் தீவுகளிலும் கிடைத்திருக்கின்றன. எதிரே இருந்த ஆப்பிரிக்கக் கரையில் சோளமும் கம்பும் விளைந்த காலம் அது.

அந்த நெல் இன்றும் அவர்கள் வாழ்வை ஆள்கிறது. பீடபூமிச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி நீர் தேக்கி நாற்று நடுகிறார்கள். மூன்று வேளையும் சோறு. சோறு வடித்தபின் பானையடியில் தீய்ந்த பருக்கைகளின்மேல் நீரூற்றிக் கொதிக்கவைத்து, அந்த நீரை உணவோடு பருகுகிறார்கள். கடிகாரம் வருமுன்னர் நேரத்தையும் சோற்றாலேயே அளந்தார்கள். ஓர் உலை சோறு வேகும் நேரம் என்றால் ஏறக்குறைய அரைமணி. ஆப்பிரிக்கா தந்தது திமில் உள்ள மாடு. மாடுகள் எத்தனை என்பதே ஒருவனுடைய செல்வத்தின் அளவு. முன்னோரிடம் அவர்களுக்குள்ள பற்றும் பெரிது. பீடபூமி மக்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்லறையைத் திறந்து, இறந்தோர் உடலை எடுத்துப் புதுப்பட்டு போர்த்தி, இசையும் விருந்துமாகக் கொண்டாடி மீண்டும் வைக்கிறார்கள். நமக்கு இது விந்தையாகத் தோன்றும். அவர்களுக்கோ இது பாட்டனைப் பார்த்துவிட்டு வருவது போன்றது.

ஐரோப்பியர் இத்தீவை முதலில் காதாலேதான் அறிந்தனர். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ தாம் பாராத ஒரு நாட்டைப் பற்றிப் பிறர் சொன்னதை எழுதிவைத்தார். யானையைத் தூக்கிச் செல்லும் பெரும் பறவை அங்கே உண்டு என்றும் எழுதினார். அவர் எழுதிய பெயர் பிற்காலத்தில் இத்தீவின்மேல் ஏறிக்கொண்டது. 1500இல் போர்ச்சுக்கீசியராகிய தியோகோ தியாஸ் புயலில் வழி தவறி அதைக் கண்டார். பதினேழாம் நூற்றாண்டில் தெற்கே ஒரு கோட்டையில் பிரெஞ்சுத் தலைவராக இருந்த ஃபிளாக்கூர் என்பவர், ஆள் நடமாட்டமற்ற இடங்களில் தீக்கோழியைப் போல முட்டையிடும் ஒரு பெரும் பறவையைப் பற்றி 1658இல் வெளியான தம் நூலில் குறித்தார். கட்டுக்கதை என்று பலர் எண்ணினர். 1851இல் பாரிசுக்கு வந்த முட்டைகளைக் கண்டு அறிஞர்கள் வாயடைத்துப் போயினர். ஒரு முட்டைக்குள் ஏறக்குறைய 150 கோழிமுட்டைகளின் அளவு அடங்கும்! மூன்று மீட்டர் உயரமுடைய யானைப்பறவையின் முட்டை அது. அதற்குள் அப்பறவை மண்ணிலே இல்லை. கொரில்லாவைப் போன்ற பெரும் லெமூர்களும், குட்டை நீர்யானைகளும் அதனோடே மறைந்தன. எஞ்சிய எலும்புகள் சிலவற்றில் வெட்டுக் காயங்கள் தெரிகின்றன. கடலைக் கடந்து வந்த அதே மனிதன்தான் இந்தக் கணக்கையும் முடித்தான். காலநிலையும் ஓரளவு உதவியிருக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பீடபூமியின் மெரினா குலத்து மன்னர் அந்திரியனம்புயினிமெரின சிதறிக்கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கினார். தம் வயலுக்குக் கடலே வரப்பு என்று அவர் கருதினாராம். அவர் மகன் ராதாமா 1817இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து அடிமைகளை வெளிநாட்டுக்கு விற்பதை நிறுத்தினார், பள்ளிகள் திறந்தார், மலகாசிக்கு ரோமானிய எழுத்து வந்தது. தம்மிடம் காடு, காய்ச்சல் என்னும் இரு படைத்தலைவர்கள் இருப்பதாக அவர் சொல்வாராம். அது வீண்பேச்சன்று. 1895இல் பிரெஞ்சுப் படை தலைநகரை நோக்கி ஏறியபோது போர்க்களத்தில் மாண்ட பிரெஞ்சுக்காரர் மிகச் சிலரே. மலேரியா முதலிய நோய்களால் மாண்டோர் 5,000 பேருக்கு மேல். எனினும் நகரம் வீழ்ந்தது. 1896இல் தீவு பிரெஞ்சுக் குடியேற்ற நாடாயிற்று. கடைசி அரசி மூன்றாம் ரனவலோனா நாடு கடத்தப்பட்டு, 1917இல் அல்ஜீரியாவில் காலமானார்.

1947ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் இரவு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நம் நாடு விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஈட்டியும் கத்தியும் ஏந்தி எழுந்தவர்களைப் பிரெஞ்சு அரசு கொடுமையாக அடக்கியது. மாண்டோர் 11,000 என்று சொல்வாரும் உண்டு. 89,000 என்று சொல்வாரும் உண்டு. எரிந்துபோன ஊர்களில் எண்ணிக்கை எடுக்க யார் இருந்தார்கள்? கிளர்ச்சிக்குக் காரணமானவர் என்று குற்றம் சாட்டப்பட்டு ஆயுள்தண்டனை பெற்றவர்களுள் ஜாக்ஸ் ரபெமனஞ்சார என்னும் கவிஞரும் ஒருவர். 1960 ஜூன் 26இல் நாடு விடுதலை பெற்றபின் அவர் அமைச்சரானார். மார்ச்சு 29 இன்றும் அங்கே நினைவுநாள்.

விடுதலை வந்தது, வறுமை போகவில்லை. உலகில் மிகுதியாக வனிலா விளைப்பது மடகாஸ்கரே. ஆயினும் மூன்று கோடி அளவிலான மக்களில் பெரும்பாலோர் கைப்பிடி நிலத்தை நம்பி வாழ்பவர்கள். நெல்வயலுக்கு இடமில்லாதபோது காட்டை எரித்துப் புனமாக்கி விதைக்கிறார்கள். சில ஆண்டுகளில் மண் சாரமற்றுப் போக, அடுத்த காட்டுக்குப் போகிறார்கள். 1953க்கும் 2014க்கும் இடையே தீவின் இயற்கைக் காட்டில் நூற்றுக்கு 44 பங்கு அழிந்துவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பசித்தவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கொல்லையிலே நாம் பார்க்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, எரிந்துபோன காட்டில் பெயரிடப்படாமலே அழிந்த செடிகள் எவை எவையோ என்ற ஏக்கம் எழாமல் இல்லை.

தலைநகரிலிருந்து கிழக்கே மழைக்காட்டுப் பக்கம் இறங்கினால் அந்தசிபே என்ற ஊர் வரும். அங்கே விடியற்காலையில் காட்டுக்குள்ளிருந்து சங்கொலியும் அழுகையும் கலந்தாற்போல் ஒரு குரல் எழும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அது இந்திரி லெமூரின் பாட்டு. ஆணும் பெண்ணும் குட்டியும் சேர்ந்து பாடும். அவ்வூரார் அதைப் பபகூத்து என்று அழைக்கிறார்கள். முன்னோர் முறை கொண்டாடுகிறார்கள். அதைக் கொல்வது பெரும்பாவம் என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். எந்த மிருகக்காட்சிசாலையிலும் இந்திரியை வளர்க்க இயலவில்லை. கூண்டில் அடைத்தால் உண்ணாமல் இறந்துவிடுகிறது. அதன் பாட்டைக் கேட்க விரும்புவோர் அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.